போத்தனூருக்கு ஒரு புள்ளி

டோக்கன் நாற்பத்தொன்று.
கைப்பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து
சீட்டாட்டம்போல் என் மேசையில் விரித்தார்
டெல்ஃபின் மோட்டர்ஷம்.

ரேஷன் கார்டில் மோட்டார் சாம்.
வாக்காளர் பட்டியலில் மோடர்சம்மாள்.
மின்வாரியத்துக்கு டி.எம். சாமி, ஆண்.
கேஸ் கம்பெனிதான் கொஞ்சம் கருணை,
கடைசி எழுத்தை மட்டும் தின்றிருந்தது.

"நாலு பேரும் நான்தாம்மா.
ஒண்ணா ஆக்கிக் குடு."

சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்:
சீமையில் ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருத்தன்
இந்தப் பேர்க்காரர்களை எண்ணிக்கொண்டிருக்கிறானாம்.
உலகம் பூராவும் எண்பத்துமூன்று.
அறுபது பேர் ஒரே ஜில்லா, அதுவும்
ஒரே ஆற்றின் ஒரே கரையில்.
பாலம் கட்டி இருநூறு வருசமாகியும் தாண்டவில்லை.
சுரங்கம் மூடியதும் சிதறியவர்கள் கொஞ்சம்.
கனடாவில் ஒரு பல் டாக்டர் வீடு.
போத்தனூருக்கு ஒரு புள்ளி.

மேப்பைக் காட்டினார்.
சிவப்பு மையில், கொசு கடித்த தடம்போல.

"அது நான்தான்.
தம்பி க்ளைவ் பெர்த்துக்குப் போறப்போ
அவன் புள்ளியையும் தூக்கிட்டுப் போய்ட்டான்.
அக்காமாருங்க சர்ச்சிலேயே பேரை விட்டுட்டாங்க.
நான் கட்டிக்கல. அதனாலே பேர் தப்பிச்சுது."

என் பேர் வே. மயிலாத்தா.
வே என்பது அப்பன். என் மகனுக்கு மு.
எங்கள் முன்னெழுத்து ஒரு தலைமுறை ஓடிக் கழன்றுவிடும்.
கூட்டப்பேர் இருக்கிறது, எந்தப் படிவத்திலும் ஏறாது,
பொண்ணுப் பேச்சு வந்தால்தான் வாய்க்கு வரும்.

அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல
நான் அடித்தேன்.
ஆறாவது எழுத்தில் கை நின்றது.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே
எங்கள் தோட்டத்துக் கெணற்றுக்குப் பேர்
மோட்டார்சாமி கெணறு.
ஊரிலேயே முதல் மோட்டார் அதில்தான் இறங்கிச்சாம்.
ஆயுத பூசைக்கு நானே
அந்த மோட்டாருக்குச் சந்தனம் வைத்திருக்கிறேன்.

மூன்று நாளைக்கொரு முறைத்தண்ணி.
அதற்காக அப்பனும் பெரியப்பனும்
பொள்ளாச்சிக் கோர்ட்டில் பத்தொன்பது வருசம்.
வக்கீல் எடுத்துவந்த பாகப் பத்திரத்தில்
கரையான் விட்டுவைத்த வரி:
'மோட்டர்சம் கெணத்தில் கால் பங்கு.'
எழுத்துப்பிழை என்று சிரித்தார்கள்.
கவலை மாடு இறைத்த காலத்துப் பத்திரம் அது.
கரண்டு வர இன்னும் நாற்பது வருசம் பாக்கி.
அப்போது எந்த மோட்டார்?

சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை.
"பொள்ளாச்சி லைன் போடறப்போ
தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் அங்கே இருந்தார்.
கல்லறை எங்கேன்னு தெரியாது.
தண்ணிக்கும் அவருக்கும் வேற மாதிரிப் பழக்கம்னு
வீட்டிலே சொல்வாங்க.
கெணறா வெட்டினார்?"

பிறகு,
"தண்ணி இருக்கா?"

இல்லீங்க.
சுத்தியும் போர் போட்டாச்சு, ஆயிரத்தி இருநூறு அடி.
எங்க பக்கம் தீர்ப்பான வருசமே வத்திருச்சுங்க.
இப்ப உள்ளுக்குள்ள வேலிகாத்தான் மொளச்சுக் கெடக்குது,
மயிலுக குஞ்சு பொரிக்குது.

சர்வர் வந்தது.
அவர் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது.
நான்காம் தடவைதான் ஏறியது.
ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு
கெணற்றின் சர்வே நம்பர் கேட்டார்,
தபால்காரனுக்கு எழுத.
சீட்டின் பின்பக்கம் எண்பத்துநாலு என்று குறித்தவர்
அதன்மேல் ஒரு கோடு போட்டார்.
"கெணறு கணக்கிலே வருமா?"

ஏனுங்க, பத்திரத்துல இருக்குதுல்ல?

ஒப்புகையைப் பார்த்தேன்.
பேர் ஒரு எழுத்து பிசகாமல் வந்திருந்தது.
பிறந்த தேதிதான் மாறிவிட்டது.
நாளைக்கு மறுபடி வரச் சொன்னேன்.